மெழுகும் மேனியும்

'மெழுகுப் பொம்மை மாதிரி இருக்கிறாள்' என்று ஒரு கதையில் வந்தால், அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. பெண் பார்க்கப் போய்வந்த மாமி சொன்னால் புகழ்ச்சி. அதையே நாடக விமர்சகர் ஒரு நடிகையைப் பற்றி எழுதினால் இகழ்ச்சி. வழவழப்பும் மென்மையும் ஒரு பக்கம். உயிரில்லை என்பது இன்னொரு பக்கம். ஒரே சொல்லுக்குள் இரண்டும் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. கம்ப்யூட்டரைக் கொண்டு படம் சிருஷ்டிக்கிறவர்கள் கடந்த முப்பது வருஷமாக மெழுகோடு பட்டிருக்கிற பாட்டைப் பார்த்தால், அவர்களும் இந்த இரட்டை அர்த்தத்துக்குள்ளேதான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். யதார்த்தம் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு பிழைக்கிறவன் நான். இன்றைக்குச் சினிமாவிலும் விளம்பரத்திலும் வருகிற பழம், பால், முகம் இவற்றில் எது காமிராவில் பிடித்தது, எது கணக்குப் போட்டு வரைந்தது என்று கண்ணால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. 'நிஜம் மாதிரி' என்பதற்கு அந்தத் தொழிற்காரர்கள் என்ன அளவுகோல் வைத்திருக்கிறார்கள் என்று விசாரிப்பது என் தொழிலுக்கும் வேண்டியதுதான்.

இந்த விசாரணைக்கு மெழுகைப்போல வசதியான பொருள் வேறு கிடையாது. மின்சாரம் போன ஓர் இரவில் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டு ஐந்து நிமிஷம் அதையே பாருங்கள். திரியைச் சுற்றி உருகி நிற்கிற மெழுகு தண்ணீர் மாதிரித் தெளிந்திருக்கும். அதற்கு வெளியே உள்ள விளிம்பு, உள்ளே விளக்கு வைத்தாற்போல் ஒளிரும். அங்கிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே இறங்கினால் அந்த ஒளி அடங்கித் தந்தம்போல் ஆகும். அடியில் வெறும் வெள்ளைக் குச்சியாக நின்றுவிடும். மூன்றும் ஒரே பொருள். மெழுகு இறுகும்போது நுண்ணிய படிகங்களாக இறுகுகிறது. உள்ளே நுழைந்த வெளிச்சம் அந்தப் படிகங்களில் முட்டி, திசை மாறி, மறுபடி முட்டி, எங்கேயோ ஓரிடத்தில் வெளியே வருகிறது. உருகிய மெழுகில் படிகம் இல்லை. முட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் வெளிச்சம் நேரே போய்விடுகிறது. ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு மெழுகுவர்த்தியை முன்னால் வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு ஆறு பிரசங்கங்கள் செய்தார். அவருடைய கவனமெல்லாம் சுடரின்மேல். சுடருக்குக் கீழே நிற்கிற உடம்பைப் பற்றியும் இன்னும் ஓர் ஆறு பிரசங்கத்துக்கு விஷயம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் படக்காரர்கள் வெகுநாள் இந்த உடம்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர்களுடைய கணக்கில் வெளிச்சம் ஒரு பொருளின்மேல் விழும். விழுந்த அதே புள்ளியிலிருந்து தெறித்துக் கண்ணுக்கு வரும். அதோடு சரி. பொருளுக்கு உள்பக்கம் என்று ஒன்றே கிடையாது. இப்படி வரைந்தால் பளபளவென்று பிளாஸ்டிக் வரும், இரும்பு வரும், பெயின்ட் அடித்த மரம் வரும். மெழுகு வராது. 1995ல் முதல் முழுநீளக் கம்ப்யூட்டர் சித்திரமாக 'டாய் ஸ்டோரி' வந்தபோது அதன் கதாபாத்திரங்கள் விளையாட்டுச் சாமான்களாக இருந்தது புத்திசாலித்தனமான தேர்வு. தனக்கு என்ன வராது என்று தெரிந்தவன் எழுதுகிற கதை அது. அதே படத்தில் மனிதர்களைப் பாருங்கள். பொம்மைகளைவிடப் பொம்மையாக இருப்பார்கள்.

உள்பக்கத்தைக் கணக்கில் கொண்டுவந்த கதை சுவாரஸ்யமானது. அதன் வேர் சினிமாவில் இல்லை, ஆகாயத்தில் இருக்கிறது. 1941ல் ஹென்யே, கிரீன்ஸ்டைன் என்று இரண்டு வான சாஸ்திரிகள், நட்சத்திரங்களுக்கு நடுவேயுள்ள தூசியில் வெளிச்சம் எப்படிச் சிதறுகிறது என்பதற்கு ஒரு சூத்திரம் எழுதினார்கள். நம்மூர்ப் பிரஸிடென்ஸி காலேஜில் படித்துக் கடல் கடந்த சுப்ரமண்யன் சந்திரசேகர், நட்சத்திரங்களின் வாயு மண்டலத்துக்குள் வெளிச்சம் பிரயாணம் செய்வதைப் பற்றி 1950ல் 'ரேடியேடிவ் டிரான்ஸ்ஃபர்' என்ற புஸ்தகம் போட்டார். காலேஜில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்த தைரியத்தில் அதைப் புரட்டிப் பார்த்தேன். முகவுரைக்குமேல் என் தைரியம் நீடிக்கவில்லை. ஆனால் நட்சத்திரத்தின் விளிம்புக்கும் மெழுகுவர்த்தியின் விளிம்புக்கும் ஒரே சமன்பாடு போதும் என்பதை நினைக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இந்த ஆகாய சாஸ்திரத்தை இலைக்கும் முகத்துக்கும் பொருத்தி 1993ல் பாட் ஹன்ராஹன், வுல்ஃப்காங் க்ரூகர் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2001ல் ஹென்ரிக் வான் ஜென்சன், ஸ்டீவ் மார்ஷ்னர், மார்க் லெவாய், ஹன்ராஹன் ஆகிய நால்வரும் எழுதியதுதான் தொழிலையே புரட்டிப் போட்டது. இதற்கு 'ஸப்ஸர்ஃபேஸ் ஸ்காட்டரிங்' என்று பெயர்; தோலுக்கடியில் சிதறல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இங்கே நுழைந்த வெளிச்சம் அங்கே வெளிவரும் என்பதுதான் அதன் சாரம். ஒவ்வொரு முட்டலையும் பின்தொடர்ந்து போய்க் கணக்கெடுக்க அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குப் பொறுமை போதாது. அதனால் பரப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு கற்பனை விளக்கு, கொஞ்சம் மேலே ஒரு கற்பனை விளக்கு என்று இரண்டை வைத்துச் சமாளித்தார்கள். இந்தக் குறுக்கு வழியும், உடம்பைக் கீறாமல் வெளிச்சம் அடித்தே சதையின் குணத்தை அளப்பதற்கு வைத்தியத் துறையில் ஏற்கெனவே இருந்ததுதான்.

அந்தக் கட்டுரையில் ஒரு பட்டியல் இருக்கிறது. இன்னின்ன பொருளில் வெளிச்சம் இவ்வளவு சிதறும், இவ்வளவு விழுங்கப்படும் என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். ஆப்பிள், கோழிக்கறி, கிரீம், கெட்சப், உருளைக்கிழங்கு, ஆடை எடுத்த பால், எடுக்காத பால், சலவைக்கல், மனிதத் தோல். ஏதோ கல்யாண வீட்டு மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறதே என்று சிரிக்கலாம். அந்தச் சீட்டில் மெழுகு இல்லை. இருந்தும் இந்த வித்தை கைக்கு வந்த நாளாய்ப் படக்காரர்கள் பரீட்சை பார்ப்பதென்னவோ மெழுகில்தான். தப்பாகப் போனாலும் 'மெழுகாகிவிட்டது' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். நம் மாமியும் விமர்சகரும் அங்கேயும் இருக்கிறார்கள்.

சரி, வித்தை வந்துவிட்டது, மெழுகு வந்ததா? வந்தது. ஆனால் அளவுக்கு மீறி வந்தது என்பதுதான் என் புகார்.

கம்ப்யூட்டரில் வரைந்த மெழுகுவர்த்திகளில் பத்துக்கு ஏழு, அடியிலிருந்து நுனிவரை டியூப்லைட் மாதிரி எரிகின்றன. செய்தவருக்கு ஒளி கசியவைக்கத் தெரியும் என்பதை அவை உரக்கச் சொல்கின்றன. மெழுகைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒளி எங்கே கசிகிறது என்பதைவிட எங்கே நின்றுவிடுகிறது என்பதில்தான் மெழுகின் சுபாவம் இருக்கிறது. கீழே உள்ள அந்த மங்கிய வெள்ளைக் குச்சி இல்லாவிட்டால் மேலே உள்ள விளிம்பின் ஜொலிப்புக்கு அர்த்தமே இல்லை. கண்ணீர்க் காட்சியை முதல் அத்தியாயத்திலேயே ஆரம்பித்துவிடுகிற தொடர்கதைகளை நாம் படித்திருக்கிறோம் இல்லையா, அந்த ஜாதி இது.

இன்னொரு குற்றம் அளவு சம்பந்தப்பட்டது. வெளிச்சம் மெழுகுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பது மெழுகைப் பொறுத்தது. பொம்மையின் உயரத்தைப் பொறுத்தது இல்லை. ஓர் அங்குலப் பொம்மையில் வெளிச்சம் கிட்டத்தட்ட இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடும். ஆளுயரப் பொம்மையில் காது மடலிலும் விரல் நுனியிலும் மட்டுமே அப்படிக் கசியும். மார்பும் தோளும் கெட்டியாகத்தான் தெரியும். நம் கண்ணுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும், நமக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரியாவிட்டாலும். கசிவு அதிகமானால் உடனே 'இது சின்னப் பொருள்' என்று கண் தீர்மானித்துவிடுகிறது. உருவத்தைச் சென்டிமீட்டரில் கட்டிவிட்டு மீட்டர் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ராட்சசன் மிட்டாய்க்கடைப் பொம்மையாகிவிடுவான், அல்லது சின்னப் பொம்மை சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். பிரும்மாண்டம் என்று போஸ்டர் அடித்த படங்களில்கூட மலையும் பூதமும் கைக்கடக்கமாகத் தெரிந்தால், காரணம் சில சமயம் இவ்வளவுதான்.

2001ன் குறுக்கு வழியிலேயே ஒரு ஓட்டையும் இருந்தது. பொருள் எல்லையில்லாத ஒரு சமதளம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ஆனால் ஒளி கசிவதை நாம் கவனிப்பது சமதளத்திலா? காது மடலில், விரலிடுக்கில், மெழுகு வழிந்து நூலாய் இறங்கின இடத்தில். கணக்கு எங்கே பொய்க்குமோ அங்கேதான் கண் போய் உட்காருகிறது. பிறகு கம்ப்யூட்டரின் வேகம் கூடக்கூட, 2010களின் பிற்பகுதியில், கற்பனை விளக்குகளைக் கைவிட்டு வெளிச்சத்தை ஒவ்வொரு முட்டலாகப் பின்தொடர்கிற முறை பரவலாயிற்று. இப்போது காது காதாக இருக்கிறது. சுற்றி வளைத்து, இயற்கை செய்கிறதைத்தான் செய்ய வேண்டியிருந்தது.

இந்தச் சமயத்தில் ஒரு பழைய படத்தை நினைவுபடுத்த வேண்டும். பிரெஞ்சுக்காரர் ழார்ஜ் த லா டூர் 1640களில் வரைந்த 'தச்சர் சூசையப்பர்'. பாரிஸில் லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது. நான் பார்த்தது அச்சுப் பிரதிதான். கிழவர் குனிந்து கட்டையில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். எதிரே குழந்தை ஏசு ஒரு கையில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சுடரை மறைத்துக்கொள்கிறது. விரல்களில் வெளிச்சம் ஊடுருவிச் சிவந்திருக்கிறது. படம் முழுவதிலும் அப்படிச் சிவந்திருப்பது அந்த ஒரு கைதான். கிழவரின் நெற்றியும் முழங்கையும் கெட்டியாக, உழைத்துத் தடித்தவையாக, வெளிச்சத்தை வெளியிலேயே நிறுத்தி வைக்கின்றன. லா டூருக்குச் சமன்பாடு தெரியாது. எந்தக் கையில் வெளிச்சத்தை விட வேண்டும், எந்தக் கையில் விடக்கூடாது என்று தெரிந்திருந்தது. இன்றைக்கு ஒரு ஸ்டூடியோவில் அதே காட்சியைச் செய்யச் சொன்னால் கிழவரின் காதும் சேர்ந்து ஜொலிக்கும் என்று பந்தயம் கட்டத் தயார்.

மெழுகைப் பற்றிப் பேச ஆரம்பித்துச் சதைக்கு வந்துவிட்டேன். வராமல் தீராது. மெழுகுப் பரீட்சையெல்லாம் முகத்துக்காக எழுதப்பட்டதுதான்.

2001 ஜூலையில் வந்த 'ஃபைனல் ஃபாண்டஸி' என்ற படத்தில் கதாநாயகிக்குச் சுமார் 60,000 முடி என்று விளம்பரம் செய்தார்கள். மச்சமும் மயிர்க்காலும் கூடச் சிரத்தையாகப் போட்டிருந்தார்கள். அந்த முகத்தில் வெளிச்சம் விழுந்தது, உள்ளே போகவில்லை. நல்ல பீங்கான். அடுத்த வருஷம் டிசம்பரில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் பாகத்தில் கோலம் வந்தது. சொட்டைத் தலையும் சொத்தைப் பல்லுமாக, பார்க்கச் சகிக்காத பிராணி. ஆனால் அதன் காதுக்குப் பின்னால் வெளிச்சம் வந்தபோது காது கசிந்தது. கண்ணைச் சுற்றிய தோலுக்கடியில் ஏதோ ஓடிக்கொண்டிருப்பது போலிருந்தது. அழகியை நம்பாத ஜனங்கள் இந்த அவலட்சணத்தை நம்பினார்கள். ஆண்டி ஸெர்கிஸின் நடிப்புக்கு இதில் பெரும் பங்கு உண்டு, அதை மறைப்பதற்கில்லை. இருந்தாலும் தோலுக்கும் பங்கு உண்டு என்று ஆஸ்கார்க்காரர்களே நினைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி செய்த ஜென்சன், மார்ஷ்னர், ஹன்ராஹன் மூவருக்கும், அதைப் படங்களில் நடைமுறைப்படுத்திய கிறிஸ்டோஃப் ஹெரி, கென் மெக்கா, ஜோ லெட்டேரி மூவருக்கும் 2004ல் தொழில் நுணுக்கப் பரிசு கொடுத்தார்கள்.

தோல் மெழுகு இல்லை. மெழுகு அடிவரை ஒரே மெழுகு. தோலுக்கு அடுக்குகள் உண்டு. மேலடுக்கில் மெலனின் என்ற கரும்பொருள். அதன் கீழே ரத்தம் ஓடுகிற அடுக்கு. சிவப்பு வெளிச்சம் சில மில்லிமீட்டர் தூரம் பரவித் திரும்பும். நீலம் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாமல் மடிந்துவிடும். அதனால்தான் நிழலின் ஓரத்தில் முகம் லேசாகச் சிவக்கிறது. இந்த அடுக்கையெல்லாம் விட்டுவிட்டு எல்லா நிறத்தையும் ஒரே தூரம் பரவவிட்டால் மனிதன் மெழுகுச் சிலையாகி விடுவான். மேடம் டுஸ்ஸாட் காலத்திலிருந்து மெழுகுச் சிலைகள் நம்மைத் திடுக்கிடவைத்து, உடனே ஏமாற்றியும் விடுவது இதனால்தான்: வெளிச்சம் உள்ளே போய் வருகிறது, ஆனால் ரத்தத்தைப் பார்க்காமல் வருகிறது.

இதுவரை தொழில் விஷயம். இனி நான் சொல்ல வருவது தொழில் விஷயம் மட்டும் இல்லை.

ஒளி கசிந்தால் உயிர், கசியாவிட்டால் பிளாஸ்டிக் என்ற பாடம் இந்தத் துறையில் வேதமாகிவிட்டது. யாருடைய தோலில் ஒளி அப்படிக் கசியும்? மெலனின் குறைந்த தோலில். கறுத்த தோலில் மேலடுக்கே வெளிச்சத்தின் பெரும் பகுதியை விழுங்கிக்கொள்கிறது. உள்ளே போய்ச் சிவந்து திரும்புவது கொஞ்சம். அங்கே கண்ணுக்குப் பிரதானமாகத் தெரிவது தோலின்மேல் வழுக்கிப் போகிற பளபளப்பு. கன்னத்து மேட்டிலும் தோள்பட்டையிலும் நீண்டு கிடக்கிற வெளிச்சக் கீற்று. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலில் நிற்கிற எங்கள் பக்கத்துக் குடியானவனைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிக்ஸாரில் வேலை பார்த்துப் பிறகு யேல் சர்வகலாசாலைக்குப் போன தியடோர் கிம் 2020ல் 'ஸயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் இதைக் கிளப்பினார். மனிதத் தோல் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் பேசுவதெல்லாம் வெளுத்த தோலைத்தான், அதன் கசிவையே மனித லட்சணமாக வைத்துவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. துறைக்கு உள்ளேயிருந்து வந்த குரல் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். கசிவுதான் உயிர் என்பது கலையிலேயே நிற்காத வாதம். சோழர் காலத்து வெண்கலத்தைப் பாருங்கள். ஒரு துளி வெளிச்சம் உள்ளே போகாது. போக முடியாது, உலோகம். அம்பாளின் வயிற்றுச் சரிவிலும் முழங்கால் மடிப்பிலும் வெளிச்சம் மேலேயே வழுக்கி ஓடுகிறது. அதைச் சதையில்லை என்று யார் சொல்வார்கள்? சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் முதலில் மெழுகில்தான் உருவம் பிடிக்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்த மெழுகு. அதன்மேல் மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகு கையின் ஒவ்வொரு அழுத்தத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, காரியம் முடிந்ததும் விலகிக்கொள்கிறது. நம் கறுப்புக்கு வெண்கலம் பக்கத்து உறவு, மெழுகு தூரத்து உறவு. கம்ப்யூட்டரில் ஒரு கறுத்த பெண்ணை வரைகிறவர் கசிவைக் கூட்டிக்கூட்டிப் பார்த்துவிட்டு 'உயிர் வரவில்லையே' என்று நொந்துகொண்டால், அவர் தப்பான உறவினர் வீட்டில் விலாசம் விசாரிக்கிறார்.

கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுத்த எண்ணை அது வாங்கிக்கொள்ளும். மெலனினைக் கூட்டு என்றால் கூட்டும். கசிவைக் குறை என்றால் குறைக்கும். எந்த எண்ணில் நிறுத்துவது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் பட்டியலில் இல்லை, எதிரே இருக்கிற முகத்தில் இருக்கிறது.

மெழுகுக்கே திரும்பினால், நான் பரீட்சை வைக்கிறவனாக இருந்தால் ஏற்றிய மெழுகுவர்த்தியைக் கேட்கவே மாட்டேன். அதில் சுடர் எல்லாப் பிழையையும் மன்னித்து விடுகிறது. மேக மூட்டமான பகலில், ஜன்னல் ஓரத்தில், பாதி எரிந்து அணைந்து கிடக்கிற ஒன்றை வரையச் சொல்வேன். அதில் எதுவும் ஜொலிக்காது. நிழல் எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாத ஒரு மங்கல், அவ்வளவுதான் கசிவுக்கு அங்கே கிடைக்கிற இடம். பாக்கியெல்லாம் மெழுகு பட்ட பாடு: கரித்திரி, திரியடியில் ஒட்டிக்கொண்டு இறந்த பூச்சி, வழிந்து உறைந்த கட்டி, சூடாக இருந்தபோது யாரோ பிடித்த விரலின் ரேகை, அதன்மேல் படிந்த தூசி.